நீர் குடித்த துப்பாக்கி

அடுப்பில் ஏற்றிய பாத்திரத்தில் நீர் உள்ளவரையில் அப்பாத்திரம் தீய்வதில்லை. நீர் வற்றியதும் அடி கருகத் தொடங்கும். கல்முனை முதற்கொண்டு பொத்துவில் வரை நீண்டு கிடக்கும் கரையோர ஊர்களில், அதிகாலையில் தேநீருக்கு நீர் வைக்கும் எந்த வீட்டிலும் இவ்வுண்மை நாள்தோறும் மெய்ப்பிக்கப்படுகின்றது. இத்துணை எளிய உண்மையொன்று, இலட்சக்கணக்கான மனிதரின் உயிரைக் குடித்த ஒரு கொலைக் கருவிக்கு ஆதாரமாய் அமைந்தது என்றால் அது வியப்பாகவே தோன்றும். முதலாம் உலகப் போரின் பதுங்குகுழிகளில் ஆட்சி செலுத்திய யந்திரத் துப்பாக்கி, நீரின்றித் தொடர்ந்து சுடமாட்டாத கருவியாகும். அதனை இயக்கிய மனிதருக்கு நீர் வேண்டியிருந்ததுபோலவே அதற்கும் நீர் வேண்டியிருந்தது. அதன் வரலாறு ஐரோப்பியரின் வரலாறு மட்டுமன்று. ஆபிரிக்க மக்களும், திபெத்தியரும், பஞ்சாபிலிருந்து சென்ற முஸ்லிம் சிப்பாய்களும் அதில் இடம்பெறுகின்றனர். இந்து சமுத்திரமும் இலங்கையுங்கூட இடம்பெறுகின்றன.

இக்கருவியை ஆக்கியவர் ஹைரம் மக்சிம் என்பவர். 1840ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்திற் பிறந்த இவர், இலண்டன் நகரில் ஒரு தொழிற்கூடம் அமைத்து 1884ஆம் ஆண்டளவில் தமது துப்பாக்கியை உலகுக்குக் காட்டினார். அதற்கு முன்னரும் விரைந்து சுடும் துப்பாக்கிகள் இருந்தன. 1862இல் அமெரிக்காவில் உருவான கற்லிங் துப்பாக்கி அவற்றுட் புகழ்பெற்றது. ஆயின், ஒருவன் இடையறாது கைபிடியைச் சுழற்றினாலன்றி அது இயங்காது. மக்சிம் வேறொரு வழியைக் கண்டார். எந்தத் துப்பாக்கியைச் சுட்டாலும் அது சுடுபவனின் தோளைப் பின்னோக்கி உதைக்கும். வீணே கழியும் அவ்வுதைப்பின் ஆற்றலையே அவர் வேலை வாங்கினார். ஒரு தோட்டா வெடித்ததும் குழல் பின்னே தள்ளப்படும். அத்தள்ளுகையினால் வெற்றுத்தோட்டா வெளியே வீசப்பட்டு, அடுத்த தோட்டா உள்ளே ஏறி, அதுவும் வெடிக்கும். விரல் விசையை அழுத்தி நிற்குமளவும், நாடாவிற் கோத்த தோட்டாக்கள் தீருமளவும் இச்செயல் தானாகவே நிகழும். நிமிடத்துக்கு ஏறத்தாழ ஐந்நூறு வேட்டுக்கள்! நாற்பது, ஐம்பது துப்பாக்கி வீரர்கள் ஆற்றும் வேலையை ஒரு கருவி ஆற்றலாயிற்று.

இங்கேதான் நீரின் தேவை எழுந்தது. நிமிடத்துக்கு ஐந்நூறு முறை வெடிமருந்து எரியும் இரும்புக்குழல் சிறிது நேரத்தில் செந்நிறமாய்க் காயும். அதன் உட்புறம் தேயும். சன்னம் குறி தவறும். ஆகவே குழலைச் சூழ ஓர் உலோக உறை அமைத்து அதனை நீரால் நிரப்பினர். மக்சிமின் துப்பாக்கியைத் திருத்தி 1912இல் பிரித்தானியப் படை ஏற்றுக்கொண்ட விக்கர்ஸ் துப்பாக்கியின் உறை ஏறத்தாழ நான்கு லீற்றர் நீர் கொள்ளும். இடையறாது அறுநூறு தோட்டாக்கள் வரை சுட்டதும் அந்நீர் கொதிக்கத் தொடங்கும். அதன்பின் ஒவ்வோர் ஆயிரம் தோட்டாவுக்கும் ஒரு லீற்றருக்குச் சற்றுக் குறைந்த நீர் ஆவியாகிப் போகும்.

நீர் கொதித்துவிட்டபின் குளிர்ச்சி எவ்வாறு உண்டாகும் என்ற ஐயம் எழலாம். பாடசாலை மாணவர் கற்கும் விஞ்ஞானமே இதற்கு விடை கூறுகின்றது. முப்பது பாகை வெப்பமுள்ள ஒரு லீற்றர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 70 கிலோ கலோரி வெப்பம் போதும். அதே நீர் முற்றாக ஆவியாவதற்கோ மேலும் 540 கிலோ கலோரி வெப்பம் வேண்டும். ஆதலின் நீர் தான் சூடேறும்போது கவர்ந்து செல்லும் வெப்பத்தினும் ஆவியாகும்போது கவர்ந்து செல்லும் வெப்பம் ஏழு மடங்குக்கும் மேலானது. நீர் உள்ளவரை அதன் வெப்பம் நூறு பாகைக்கு மேற் செல்வதில்லை. எனவே, கொதிக்கும் நீரே குழலைக் காக்கும் காவலனாயிற்று.

ஆயினும் எழும் நீராவி மேலே வெண்புகையாய்த் தோன்றித் துப்பாக்கி மறைந்திருக்கும் இடத்தைப் பகைவனுக்குக் காட்டிக் கொடுக்கும். அதனைத் தடுக்க உறையிலிருந்து ஓர் இறப்பர்க் குழாய் வழியே ஆவியைக் கீழேயுள்ள நீர்ப்பேணிக்குச் செலுத்தினர். ஆவி அங்கே குளிர்ந்து மீண்டும் நீராகும். அந்நீர் மறுபடியும் உறையில் ஊற்றப்படும். நீர் கிடைத்தற்கரிய போர்க்களத்தில் இது பெரும்பயன் விளைத்தது. கடுங்குளிர் காலத்தில் நீர் உறைந்து உறையைப் பிளந்துவிடாதிருக்கக் கிளிசரினைக் கலந்தனர். அக்கொதிநீரைத் தேநீருக்குப் பயன்படுத்தினர் என்றும், அத்தேநீரில் எண்ணெயின் சுவையே மிகுந்திருந்தது என்றும் பழைய போர்வீரர் சொல்வதுண்டு.

இக்கருவி முதன்முதல் யாருக்கு எதிராகத் திருப்பப்பட்டது என்பதை வரலாறு மறைக்கவில்லை. ஐரோப்பியப் பேரரசுகள் ஆபிரிக்காவைப் பங்கிட்டுக் கொண்டிருந்த காலம் அது. 1893இல் தென்னாபிரிக்காவுக்கு வடக்கேயுள்ள மத்தபெலே நாட்டில், ஈட்டியும் பழைய துப்பாக்கியும் ஏந்தி வந்த வீரர்கள் மக்சிம் துப்பாக்கிகளின் முன் வீழ்ந்தனர். 1898ஆம் ஆண்டு செப்டெம்பர் 2ஆம் நாள், சூடானில் நைல் நதிக்கரையிலுள்ள ஒம்துர்மானில் மஹ்தியின் வழிவந்த படையினர் ஐம்பதினாயிரம் பேரளவில் வெட்டவெளியிலே முன்னேறினர். பீரங்கியும் துப்பாக்கியும் மக்சிமும் ஒருங்கே முழங்கின. ஒரு முற்பகலுக்குள் ஏறத்தாழ 10,000 சூடானியர் மாண்டனர். எதிர்த்தரப்பில் மாண்டோர் ஐம்பதுக்கும் குறைவு. அப்போரில் உடனிருந்த இளம் அதிகாரி வின்ஸ்டன் சேர்ச்சில் பின்னர் எழுதிய நூலில் ஒரு செய்தி உண்டு: மக்சிம் துப்பாக்கிகளின் உறைநீர் முழுவதும் கொதித்து வற்றிவிட்டதாம், அருகில் நின்ற ஸ்கொட்லாந்துப் படையினரின் குடிநீர்க் குடுவைகளிலிருந்து நீர் வாங்கி ஊற்றிய பின்னரே அவற்றுட் சில மேலும் சுட்டனவாம். மனிதரின் தாகத்துக்கு வைத்த நீர் துப்பாக்கியின் தாகத்துக்கு வார்க்கப்பட்டது.

1904ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள் திபெத்தின் குரு என்னும் இடத்தில் இதே காட்சி மீண்டும் நிகழ்ந்தது. பிரித்தானிய இந்தியாவிலிருந்து சென்ற படையின் முன் பழந்துப்பாக்கிகளோடு நின்ற திபெத்தியருள் 600க்கு மேற்பட்டோர் சிறிது நேரத்துக்குள் மாண்டனர். அப்படையிற் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்களே என்பதையும் மறத்தற்கில்லை.

இவ்வெற்றிகளைக் கண்ட ஐரோப்பியத் தளபதிகள் இவற்றிலிருந்து தவறான பாடத்தையே கற்றனர். தமது படைகளின் ஒழுங்கும் துணிவும் வெற்றியைத் தந்தன என்று எண்ணினரேயன்றி, வெட்டவெளியில் முன்னேறும் எப்படைக்கும் இதுவே கதி என்று எண்ணினாரல்லர். 1914இல் போர் மூண்டபோது பிரித்தானியக் காலாட்படையின் ஒவ்வொரு பட்டாளத்துக்கும், ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு, இரண்டு யந்திரத் துப்பாக்கிகளே இருந்தன. இந்தியப் பட்டாளங்களின் நிலையும் அதுவே. ஜேர்மனியரிடம் விகிதத்தில் மிகுதியான துப்பாக்கிகள் இருந்தன என்று சொல்லமுடியாது. ஆயினும் அவர்கள் ஒரு றெஜிமெந்தின் ஆறு துப்பாக்கிகளையும் ஓரணியாகத் திரட்டி, வேண்டுமிடத்தில் ஒருங்கே நிறுத்தக் கற்றிருந்தனர். அவர்களுடைய துப்பாக்கியும் மக்சிமின் வழிவந்ததே. இரு திறத்தாரும் ஒருவரது மூளையிற் பிறந்த ஒரே கருவியையே ஒருவர்மீதொருவர் திருப்பினர்.

விளைவு விரைவில் வெளிப்பட்டது. நிலத்துக்கு மேலே நிமிர்ந்து நிற்பவன் உயிர்வாழ்தல் அரிதாயிற்று. மண்வெட்டியே உயிர்காக்கும் கருவியாயிற்று. போர்வீரர் முதலில் மார்பளவு குழி தோண்டினர். பின்னர் அக்குழிகளை இணைத்து நீண்ட அகழிகளாக்கினர். அவற்றின் முன் முட்கம்பி விரித்தனர். 1914ஆம் ஆண்டு முடியுமுன் வட கடலிலிருந்து சுவிற்சர்லாந்தின் எல்லை வரை ஏறத்தாழ 700 கிலோமீற்றர் தூரம் இரு வரிசை அகழிகள் எதிரெதிரே நீண்டன. வயல்வெளியில் வாய்க்கால் வெட்டுவோர் அதை நேராக வெட்டுவர். பதுங்குகுழியையோ வளைவும் மடிப்புமாக வெட்டினர். குழிக்குள் விழும் குண்டும், குழியினுட் புகும் பகைவனின் சன்னமும் ஒரு மடிப்புக்கு அப்பாற் செல்லலாகாது என்பதே காரணம்.

இக்குழிகள் தோன்றிய பெல்ஜிய நாட்டின் பிளாண்டர்ஸ் சமவெளி, கீழ்மாகாண விவசாயிகள் எளிதிற் புரிந்துகொள்ளத்தக்க நிலம். கடல்மட்டத்தோடு ஒட்டிய தாழ்நிலம், களிமண், எங்கணும் வாய்க்கால்களும் மதகுகளும். 1914 ஒக்டோபர் மாத இறுதியில் ஜேர்மன் படை கடற்கரையோரமாகப் பாய்ந்து வந்தபோது, பெல்ஜியர் நியூபோர்ட் பட்டினத்தின் மதகுகளைத் திறந்து கடல்நீரைச் சமவெளிக்குட் புகவிட்டனர். வட்டை விதானையாரை ஒத்த கரல் கொக்கே என்னும் நீர்ப்பாசன மேற்பார்வையாளரும், ஹென்றிக் கீரார்ட் என்னும் படகோட்டியும் அதற்கு வழிகாட்டினர். பீரங்கியால் தடுக்கமுடியாத பெரும்படையை நீர் தடுத்தது. வடக்கே வழி அடைபடவே, அதற்குத் தெற்கேயுள்ள ஈப்பர் நகரைச் சூழ்ந்த போர் மேலும் உக்கிரமடைந்தது.

அங்கேதான் இந்தியத் துணைக்கண்டத்தின் மக்கள் இவ்வரலாற்றுட் புகுகின்றனர். 1914 செப்டெம்பர் மாதம் 26ஆம் நாள் முதலாக இந்தியப் படைகள் பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் வந்திறங்கின. வெப்பநாட்டு உடையோடு வந்திறங்கிய அவர்கள், ஒரு மாதத்துள் ஐரோப்பியக் கூதிர்காலத்துச் சேற்றில் நிறுத்தப்பட்டனர். அவர்களுள் 129ஆம் பலூச்சிப் பட்டாளமும் ஒன்று. ஒக்டோபர் 31ஆம் நாள் ஈப்பர் நகருக்குத் தெற்கே ஹொல்லபெக் என்னும் சிற்றூரின் அருகே, ஆழமற்ற குழிகளில் அவர்கள் நின்றனர். எண்ணிக்கையில் பன்மடங்கு மிகுந்த ஜேர்மன் படை அவர்கள்மீது மோதியது.

அப்பட்டாளத்திடம் இருந்தவை இரண்டே யந்திரத் துப்பாக்கிகள். அவற்றுக்குப் பொறுப்பாயிருந்த ஆங்கில அதிகாரி காயமுற்று வீழ்ந்தார். பீரங்கிக் குண்டொன்று விழுந்து ஒரு துப்பாக்கி பயனற்றுப் போயிற்று. எஞ்சியது மற்றொன்று. அதனை இயக்கியோர் ஆறு பேர்: ஹவில்தார் குலாம் முகம்மது, சிப்பாய்கள் லால் ஷேர், சயித் அகமது, காசிப், லபர் கான், குதாதாத் கான். ஒருவன் சுட, ஒருவன் நாடாவை ஊட்ட, ஏனையோர் தோட்டாவும் நீரும் கொணர, அத்துப்பாக்கி ஓயாது முழங்கியது. ஒருவர்பின் ஒருவராக ஐவர் மாண்டனர். தாமும் காயமுற்றிருந்த குதாதாத் கான் அவ்வைவரும் வீழும்வரை துப்பாக்கியைக் கைவிடவில்லை. அவரும் இறந்தார் என்றே பகைவர் கருதி விட்டுச் சென்றனர். இருள் சூழ்ந்தபின் அவர் தவழ்ந்து தமது பட்டாளத்தை வந்தடைந்தார். அவர்கள் தாங்கி நின்ற நேரத்தில் மாற்றுப்படைகள் வந்துசேர அவகாசம் கிடைத்தது.

குதாதாத் கான் அக்காலத்துப் பஞ்சாபின் சக்வால் பகுதியில் டப் என்னும் கிராமத்தில் 1888இல் பிறந்தவர். அவருக்கு அப்போது வயது 26. 'குதாதாத்' என்னும் பாரசீகப் பெயரின் பொருள் 'இறைவன் தந்தவன்' என்பது. பிரித்தானியப் பேரரசின் மிக உயர்ந்த வீரவிருதான விக்டோரியா சிலுவையை இந்தியச் சிப்பாய்களும் பெறலாம் என்ற விதியே 1911இல்தான் உண்டாயிற்று. அவ்விருதுக்குரிய செயலைப் புரிந்த முதல் இந்தியச் சிப்பாய் இவரே. மாண்ட ஐவருக்கும் அவர்கள் இறந்தபின் விருதுகள் வழங்கப்பட்டன. ஆயினும் அவர்களுடைய பெயர்களை அறிந்தோர் மிகச் சிலரே.

இச்செயலை வீரக்கதையாக மட்டும் கொள்ளுதல் போதாது. பதினாறாண்டுகளுக்கு முன் ஒம்துர்மானில் மக்சிமின் முன்னே நின்று மாண்டவர்களும் முஸ்லிம்கள். ஹொல்லபெக்கில் மக்சிமின் பின்னே நின்று மாண்ட ஐவரும் முஸ்லிம்கள். முன்னவர் தம் நாட்டைக் காக்க வந்து வீழ்ந்தனர். பின்னவரோ, தம் நாட்டை ஆண்ட பேரரசுக்காக, அதற்குமுன் பெயரறியாத ஒரு சிற்றூரில் வீழ்ந்தனர். துப்பாக்கி எவர் கையில் இருப்பினும் அதன் பயன் எவருக்குச் சேரும் என்பதை வேறு யாரோ தீர்மானித்தனர்.

அதே வேளையில் போர் இலங்கையைச் சூழ்ந்த கடலுக்கும் வந்திருந்தது. 'எம்டன்' என்ற சொல்லைக் கேளாத தமிழர் இலர். துணிவும் தந்திரமும் மிக்கவனை இன்றும் எம்டன் என்பர். 1914 செப்டெம்பர் 22ஆம் நாள் இரவு சென்னைத் துறைமுகத்தைச் சுட்டெரித்த அந்த ஜேர்மன் போர்க்கப்பல், பின்னர் இலங்கையின் கீழ்கடலைக் கடந்து தென்கோடியைச் சுற்றி மேற்கே சென்று வணிகக் கப்பல்களை வேட்டையாடியது. நவம்பர் 9ஆம் நாள் கொக்கோசுத் தீவருகே அவுஸ்திரேலியக் கப்பலான சிட்னியால் அது அழிக்கப்பட்டது. சிறைப்பட்ட மாலுமிகள் கொழும்புக்குக் கொண்டுவரப்பட்டனர். ஆயின், தந்தி நிலையத்தைத் தகர்ப்பதற்காக முன்னரே தீவில் இறங்கியிருந்த ஐம்பது பேரளவினர், மூக்கே என்னும் அதிகாரியின் தலைமையில் 'ஆயிஷா' என்ற சிறு பாய்க்கப்பலிற் தப்பிச் சென்றனர். அவர்களுடன் நான்கு யந்திரத் துப்பாக்கிகளும் சென்றன.

சுமாத்திராவை அடைந்து, அங்கிருந்து வேறொரு கப்பலில் யேமன் நாட்டுக் கரையில் இறங்கிய அவர்கள், ஹஜ்ஜுப் பயணிகள் நன்கறிந்த ஜித்தா நகரை நோக்கிச் சென்றனர். 1915 ஏப்பிரல் மாதத் தொடக்கத்தில், ஜித்தாவை அண்மித்த பாலையில் ஆயுதமேந்திய கூட்டத்தாரால் வளைக்கப்பட்டனர். மரமும் பாறையுமற்ற மணல்வெளியில் கைகளால் மணலை வாரிக் குழி செய்தனர். ஒட்டகச் சேணங்களையும் மணல் நிரப்பிய சாக்குகளையும் அரணாக அடுக்கினர். அவற்றினிடையே துப்பாக்கிகளை நிறுத்தினர். பிளாண்டர்ஸ் சேற்றிற் பிறந்த பதுங்குகுழி அரேபிய மணலிலும் தோன்றியது. மூன்று நாள் முற்றுகை நீடித்தது. பகைவரின் சன்னத்தினும் நீர்க்குறைவே அவர்களை மிகுதியாக அச்சுறுத்தியது. மக்காவின் அமீர் அனுப்பிய படை வந்து அவர்களை மீட்டது. மே மாதத்தில் அவர்கள் கொன்ஸ்தாந்திநோபிளை அடைந்தனர்.

ஐரோப்பாவில் 1915ஆம் ஆண்டின் போர்கள் துப்பாக்கியின் ஆற்றலை ஐயத்துக்கிடமின்றிக் காட்டின. மார்ச் 10ஆம் நாள் பிரான்சின் நெவ் ஷப்பெல் என்னும் ஊரைப் பிரித்தானியரும் இந்தியரும் சேர்ந்து தாக்கினர். பீரங்கிகள் தவறவிட்ட ஓரிடத்தில் எஞ்சியிருந்த இரண்டே ஜேர்மன் துப்பாக்கிகள், முன்னேறி வந்த இரண்டு பிரித்தானியப் பட்டாளங்களைச் சிதைத்தன. மூன்று நாட் போரில் இந்தியப் படையில் மட்டும் மாண்டோரும் காயமுற்றோரும் நாலாயிரத்துக்கு மேற்பட்டோர். பிரான்சில் வீழ்ந்தும் கல்லறை காணாத இந்திய வீரர் 4,700 பேருக்கு மேற்பட்டோரின் பெயர்களைத் தாங்கிய நினைவுச் சின்னம் 1927இல் அவ்வூரிலேயே திறக்கப்பட்டது.

அவ்வாண்டு ஏப்பிரல் 25ஆம் நாள் துருக்கியின் கலிப்போலித் தீபகற்பத்திற் படைகள் இறங்கின. இங்கே இலங்கையின் தொடர்பும் உண்டு. 1914 ஒக்டோபரில் கொழும்பிலிருந்து எகிப்துக்குச் சென்ற இலங்கைத் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படையைச் சேர்ந்த 8 அதிகாரிகளும் 229 வீரர்களுமாகிய அணியினர், அவுஸ்திரேலிய நியூசிலாந்துப் படைகளின் தளபதிக்குக் காவற்படையாகக் கலிப்போலியிற் பணிபுரிந்தனர். அவர்கள் ஐரோப்பியத் துரைமாரே. இலங்கைத் தேயிலை மலைகளின் ஓடைகளருகே வாழ்ந்த அவர்கள் சென்றடைந்த களமோ வறண்ட குன்றுகளாலானது. அக்கரையில் கிணற்றுநீர் போதாமையால், எகிப்திலிருந்து கப்பலேற்றிக் கொணர்ந்த நீரையே அளந்து வழங்கினர். மனிதரின் நாவுக்கும் துப்பாக்கியின் உறைக்கும் ஒரே பேணியிலிருந்து நீர் வார்க்க வேண்டியிருந்தது. மனிதன் சிறிது நேரம் தாகம் பொறுக்கலாம். தாக்குதல் நடக்கும்போது துப்பாக்கி பொறுக்காது.

கலிப்போலியில் எதிரே நின்றோர் துருக்கியர். அவர்களுடைய சுல்தானே அக்காலத்துக் கலீபா. பஞ்சாபி முஸ்லிம்கள் இடம்பெற்றிருந்த 69ஆம், 89ஆம் பஞ்சாபிப் பட்டாளங்களை அங்கிருந்து அகற்றிப் பிரான்சுக்கு அனுப்பியது இதனாலேயே. அங்கே தங்கிய 14ஆம் சீக்கியப் பட்டாளமோ ஜூன் 4ஆம் நாள், அறுபடாத முட்கம்பியையும் யந்திரத் துப்பாக்கிகளையும் நோக்கி முன்னேறி, ஒரே நாளில் ஏறத்தாழ முக்காற் பங்கினரை இழந்தது. அவர்களிடம் துணிவுக்குக் குறைவில்லை. ஆயின் துணிவுள்ளவனையும் துணிவற்றவனையும் வேறுபடுத்தி அறிய அக்கருவிக்குத் தெரியாது.

இப்பாடத்தின் உச்சம் 1916 ஜூலை முதல் நாள் சொம் நதிக்கரையில் நிகழ்ந்தது. ஏழு நாட்களாகப் பதினைந்து இலட்சத்துக்கு மேற்பட்ட குண்டுகளைப் பொழிந்தபின், எதிரே உயிருள்ளவர் எவரும் இரார் என்று நம்பிப் பிரித்தானியர் எழுந்து நடந்தனர். ஜேர்மனியரோ நிலத்தினடியில் ஆழத்தோண்டிய அறைகளில் மறைந்திருந்து, குண்டுமழை நின்றவுடன் துப்பாக்கிகளைத் தூக்கிக்கொண்டு படியேறினர். தாக்குவோர் முட்கம்பியை அடையுமுன் அவர்கள் மேலே ஏறிவிட வேண்டும். சில நிமிடங்களே இருந்தன. அந்த ஓட்டத்தில் ஜேர்மனியர் முந்திய இடமெல்லாம் பிரித்தானியர் வரிசை வரிசையாய் வீழ்ந்தனர். அந்த ஒரே நாளில் பிரித்தானியத் தரப்பில் மாண்டோர் 19,240. காயமுற்றோரும் காணாமற்போனோரும் சேர இழப்பு 57,470.

பிரித்தானியரும் காலந்தாழ்த்தேனும் கற்றுக்கொண்டனர். 1915 ஒக்டோபரில் யந்திரத் துப்பாக்கிக்கெனவே தனிப்படை ஒன்றை அமைத்தனர். பல துப்பாக்கிகளை ஒருங்கே நிறுத்தி, தம் படைகளின் தலைக்கு மேலாகத் தொலைவிலுள்ள பாதைகள்மீது மணிக்கணக்காகச் சன்னமழை பொழியும் முறை வழக்கிற்கு வந்தது. 1916 ஆகஸ்ட் 24ஆம் நாள் ஹை வூட் என்னும் காட்டருகே பத்து விக்கர்ஸ் துப்பாக்கிகள் பன்னிரண்டு மணி நேரத்தில் பத்து இலட்சத்தை நெருங்கிய தோட்டாக்களைச் சுட்டன என்றும், குடிநீர் முழுவதையும் ஊற்றியும் போதாமல் வீரரின் சிறுநீரையும் உறையில் வார்த்தனர் என்றும் அப்படையின் தளபதியாயிருந்த ஹச்சிசன் எழுதியுள்ளார். அவ்வெண்ணிக்கை மிகைப்படக் கூறியது என ஆராய்ச்சியாளர் சிலர் கருதுகின்றனர். எண்ணிக்கை எதுவாயினும், நீர் தீர்ந்தால் துப்பாக்கி ஓய்ந்துவிடும் என்ற அச்சம் அக்கூற்றிற் தெளிவாகத் தெரிகின்றது.

நீரும் முக்காலியும் சேர்ந்த அத்துப்பாக்கியின் எடை நாற்பது கிலோகிராமளவு. குழியிற் பதுங்கிக் காப்பதற்கு அது சாலப் பொருந்தியது. குழியைவிட்டு முன்னேறுவோருக்குப் பெருஞ்சுமையாயிற்று. ஆகவே காற்றினாற் குளிரும் இலகுவான லூயிஸ் துப்பாக்கி பரவியது. 1916 செப்டெம்பர் 15ஆம் நாள் சன்னம் துளையாத இரும்புத் தேரான தாங்கி களத்துக்கு வந்தது. பதுங்குகுழியின் காலம் மெல்ல முடிவை நோக்கியது. சொம் போர் நவம்பர் 18இல் ஓய்ந்தது. அதன்பின் ஆறாம் நாள், 1916 நவம்பர் 24இல், ஹைரம் மக்சிம் இலண்டனில் காலமானார். அவருடைய கருவியின் வழித்தோன்றலோ நெடுங்காலம் வாழ்ந்தது. பிரித்தானியப் படை விக்கர்ஸ் துப்பாக்கியைக் கைவிட்டது 1968ஆம் ஆண்டிற்றான்.

குதாதாத் கான் சுபேதாராக உயர்ந்து ஓய்வு பெற்றார். அவர் பிறந்த பூமி பாகிஸ்தான் ஆயிற்று. 1971ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் நாள், தமது எண்பத்திரண்டாம் வயதில் அவர் மறைந்தார். முதலாம் உலகப் போரில் மாண்ட இந்தியப் படையினர் எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர். அவர்களுடைய தியாகத்துக்குப் பதிலாக எதிர்பார்த்த தன்னாட்சியை அந்நாடு போர் முடிந்தவுடன் பெறவில்லை. 1919இல் அமிர்தசரசில் சுடப்பட்டவர்களுள், போருக்குப் பிள்ளைகளை அனுப்பிய அதே பஞ்சாபின் மக்களே இருந்தனர்.

பதுங்குகுழி என்னும் சொல் இலங்கையிலும் பின்னாளில் ஏட்டுச்சொல்லாக இருக்கவில்லை. 2009 வரை நீடித்த உள்நாட்டுப் போரில், கீழ்க்கரையின் மூன்று இனத்தாரும் துப்பாக்கியின் ஓசையைக் கேட்டுறங்கிய இரவுகளை அறிவர். குழி தோண்டியவனின் அச்சமும், திரும்பி வாராதவனின் வீட்டில் நிலவும் மௌனமும் எந்த நாட்டிலும் ஒன்றே என்பதை அவர்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

போர் முடிந்தபின் பிளாண்டர்ஸ் விவசாயிகள் தங்கள் நிலத்துக்குத் திரும்பினர். குழிகளை மூடினர், தூர்ந்த வாய்க்கால்களை மீண்டும் வெட்டினர், கடல்நீர் வடிந்த வயல்களில் மறுபடியும் விதைத்தனர். இன்றும் அவர்களுடைய கலப்பை முனையில் துருப்பிடித்த குண்டுகள் அகப்படுகின்றன. ஹொல்லபெக்கின் வயல்களில் இப்போது நீர் பயிருக்கே பாய்கின்றது. அவ்விடத்தில் ஒரு நாள், குலாம் முகம்மது, லால் ஷேர், சயித் அகமது, காசிப், லபர் கான் என்னும் ஐவர், தம் ஊரிலிருந்து ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால், ஒரு துப்பாக்கிக்கு நீர் வார்த்து நின்று மாண்டனர். வரலாற்றைக் கற்போர் துப்பாக்கியின் பெயரை நினைவில் வைத்திருப்பதுபோல அவர்களுடைய பெயர்களையும் நினைவில் வைத்திருத்தல் கடன்.